வரவும் செலவும் இருவர் அறிய

சம்பளம் கைக்கு வரும் நாளில் வீட்டிலே தோன்றும் மகிழ்ச்சி, மாதத்தின் இருபதாந் திகதிக்குப் பின்னர் எங்கே மறைந்து விடுகிறது? இக்கேள்வி எழாத இல்லங்கள் மிகச் சிலவே எனலாம். வருவாய் போதாமை ஒன்றே இதற்குக் காரணமென்று கூறிவிட இயலாது. ஒரே அளவான வருவாயுடைய இரு குடும்பங்களுள் ஒன்று கடனின்றி அமைதியாக வாழ்வதையும், மற்றொன்று மாதந்தோறும் நகையை அடகு வைத்து மீட்டுக் கொண்டிருப்பதையும் நாம் நம் அயலிலேயே காண்கின்றோம். முதற் குடும்பத்தில் பணம் வருமுன்னரே அதற்குரிய இடம் வகுக்கப்பட்டிருக்கும். அவ்வாறு வகுத்தவர் ஒருவரல்லர், இருவராயிருப்பர். மற்றக் குடும்பத்திலோ பணம் போன பின்னரே அது போன வழி ஆராயப்படும். அவ்வாராய்ச்சி பெரும்பாலும் சச்சரவிலே முடியும்.

ஆகவே குடும்ப வரவு செலவுத் திட்டம் என்பது வெறுங் கணக்கு வேலையன்று. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நம்பி வாழ்வதற்கு அமைத்துக்கொள்ளும் ஓர் ஒழுங்கு அது.

விலையேற்றம் கற்பித்த பாடம்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை நம் குடும்பங்கள் எளிதில் மறக்கமாட்டா. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, பொருள்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 69.8 வீதம் உயர்ந்திருந்தது. உணவுப் பொருள்களின் உயர்வோ 94.9 வீதம். 1,000 ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஓராண்டின் பின் ஏறத்தாழ 1,950 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது உண்மையே. ஆயினும் வேகம் தணிவது வேறு, விலை பழைய நிலைக்கு இறங்குவது வேறு.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனின், பழைய ஞாபகத்தைக் கொண்டு புதிய கணக்கை எழுதலாகாது என்பதே. திட்டம் போட விரும்பும் தம்பதியர் முதலில் ஒரு மாதம் எதையும் மாற்ற முயலாது, செலவாகும் ஒவ்வொரு ரூபாவையும் ஒரு கொப்பியில் எழுதி வருதல் வேண்டும். பாண், பால்மா, பேருந்துக் கட்டணம், தொலைபேசிக்குப் போடும் மீள்நிரப்பு அட்டை யாவும் அதில் இடம்பெற வேண்டும். ஜப்பான் நாட்டிலே ஹானி மொதோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டில் வீட்டுக் கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். அன்று தொடங்கிய அவ்வழக்கம் இன்றும் அந்நாட்டில் வாழ்கிறது. கையால் எழுதும்போது செலவு கண்ணுக்கும் மனத்துக்கும் ஒருங்கே தெரிகிறது என்பதே அதன் சிறப்பு.

பகுதிகளை வகுப்பது எவ்வாறு?

ஒரு மாதக் கணக்கு கையில் இருந்தால், செலவின் பகுதிகள் தாமாகவே தோன்றிவிடும். பகுதிகள் மிகப் பலவாயின் இரண்டாம் மாதமே கணக்கெழுதச் சலிப்பு உண்டாகும். மிகச் சிலவாயின் ஓட்டை எங்கேயிருக்கிறதென்று தெரியாது. எட்டு அல்லது ஒன்பது பகுதிகள் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் போதுமானவை.

உணவுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதே முதற் கேள்வி. வருவாய் குறையக் குறைய, அதிலே உணவுக்குச் செல்லும் பங்கு கூடும் என்பதை ஜெர்மானியப் புள்ளிவிபர அறிஞர் ஏர்ன்ஸ்ட் எங்கெல் 1857ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். நம் நாட்டின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, வீட்டுச் செலவில் நூற்றுக்கு 35 வீதமளவு உணவுக்குச் சென்றது. அஃது எல்லா மாவட்டங்களையும் எல்லா நிலையினரையும் சேர்த்துக் கண்ட சராசரியாகும். ஆதலால் தம் வீட்டில் அப்பங்கு சற்றுக் கூடியிருப்பதைக் கண்டு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த எலிசபெத் வாரன், தம் மகளுடன் சேர்ந்து 2005இல் வெளியிட்ட நூலொன்றில், கைக்கு வரும் பணத்தில் 50 வீதம் தேவைக்கும் 30 வீதம் விருப்பத்துக்கும் 20 வீதம் சேமிப்புக்கும் என ஒரு வகுப்பு முறையைக் கூறினார். உணவும் பிள்ளைகளின் கல்வியுமே பாதிக்குமேல் விழுங்கிவிடும் நம் குடும்பங்களுக்கு அவ்வளவுகள் பொருந்துவது கடினம். எனினும் தேவையையும் விருப்பத்தையும் வேறு பிரித்துப் பார்க்கும் பழக்கம் எந்நாட்டாருக்கும் நன்மை தருவதே.

உதாரணமாக, இருவரும் தொழில் பார்த்து, கழிவுகள் போக மாதம் 120,000 ரூபா பெறும் ஒரு குடும்பத்தை எண்ணிக் கொள்வோம். சொந்த வீடு, பிள்ளைகள் இருவர். அவர்கள் பின்வருமாறு வகுக்கலாம்: உணவுக்கு 45,000; மின்சாரம், நீர், எரிவாயு, தொலைபேசி, வீட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு 16,000; பிள்ளைகளின் கல்விக்கு 15,000; போக்குவரத்துக்கு 12,000; மருந்துக்கும் பெற்றோருக்குக் கொடுப்பதற்கும் 10,000; ஆண்டுக்கொருமுறை வரும் செலவுகளுக்கு 8,000; எதிர்பாராச் செலவுக்கு 5,000; சேமிப்புக்கு 5,000; கணவன் மனைவி இருவருக்கும் தனிச்செலவாக ஆளுக்கு 2,000. கூட்டினால் 120,000 ரூபா சரியாக வரும். இடமில்லாத ரூபா ஒன்றும் இதில் இல்லை.

சேமிப்பு இங்கு குறைவாகத் தோன்றலாம். தனியார் துறையில் வேலை செய்வோருக்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்காக 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் சேர்கின்றன. அது முதுமைக்கானது. கையெட்டும் தூரத்திலும் ஒரு சிறு சேமிப்பு இருத்தல் வேண்டும். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறு பானையில் இட்டு வைத்த நம் முன்னோரின் பிடியரிசி வழக்கம் இதற்குத் தக்க வழிகாட்டியாகும். மிஞ்சியதைச் சேமிப்பதாயின் ஒன்றும் மிஞ்சாது. முதலில் எடுத்து வைத்ததே நிலைக்கும்.

ஆண்டுக்கொருமுறை வருபவை

எதிர்பாராச் செலவு என்று நாம் கூறுவனவற்றுள் பல உண்மையில் எதிர்பார்க்கத் தக்கவையே. தைப்பொங்கலும் தீபாவளியும் முன்னறிவிப்பின்றி வருவனவல்ல. புதிய பாடசாலைத் தவணையும் அதன் சப்பாத்தும் கொப்பிகளும் அவ்வாறே. மோட்டார்ச் சைக்கிளின் காப்புறுதி முடியும் திகதி பத்திரத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.

மேற்கூறிய குடும்பம் ஆண்டின் செலவைப் பட்டியலிட்டுப் பார்க்கட்டும். பாடசாலைப் பொருள்கள் 24,000; பண்டிகை உடைகள் 30,000; மோட்டார்ச் சைக்கிளின் வரியும் காப்புறுதியும் 12,000; அதன் பழுதுபார்ப்பு 12,000; கலியாணம், சாமத்தியச் சடங்கு முதலியவற்றுக்கான அன்பளிப்பு 18,000. மொத்தம் 96,000 ரூபா. பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 8,000 ரூபா. இத்தொகையை வேறு வைப்புக் கணக்கில் இட்டு வந்தால், தீபாவளி மாதம் கடன் மாதமாக மாறாது.

திட்டத்தில் இல்லாத கொள்வனவு

இனி, மெய்யாகவே திட்டத்துக்குப் புறம்பான செலவுகளைக் கவனிப்போம். இவை மூவகைப்படும். நீர்ப்பம்பி பழுதாதல், திடீர் நோய், உறவினர் வீட்டு மரணம் போன்றவை தவிர்க்க முடியாதவை. இவற்றுக்கு ஆலோசனை தேவையில்லை. எதிர்பாராச் செலவுப் பகுதி இவற்றுக்காகவே உள்ளது. ஒரு மாதம் அது செலவாகாதிருப்பின், மறு மாதத்துடன் சேர வேண்டுமேயன்றிக் கொண்டாட்டத்துக்குப் போதல் கூடாது.

இரண்டாவது வகை, “இன்று விட்டால் கிடையாது” என்னும் விலைக்கழிவுக் கொள்வனவு. 8,000 ரூபாப் பொருள் 5,000 ரூபாவுக்கு விற்கப்படுமாயின் 3,000 ரூபா மிச்சமென்று மனம் கணக்கிடுகிறது. அப்பொருள் நமக்குத் தேவையற்றதாயின் மிச்சம் ஒன்றுமில்லை. 5,000 ரூபா செலவே உண்டு. மூன்றாவது வகை, ஆசையால் வாங்குவது. ஆசை குற்றமன்று; ஆனால் அதற்கும் ஒரு பகுதி இருத்தல் வேண்டும்.

பின்னிரு வகைக்கும் நாம் மூன்று விதிகளைக் கூறுவோம். முதலாவது, ஒரு தொகையை எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்ட எதையும் மற்றவருக்குச் சொல்லாமல் வாங்குவதில்லை என இருவரும் உடன்படுதல். மேற்சொன்ன குடும்பத்துக்கு 3,000 ரூபா தக்க எல்லையாகும். இரண்டாவது, மூன்று இரவுகள் பொறுத்திருத்தல். நான்காம் நாளும் வேண்டுமென்று தோன்றினால் அந்த ஆசைக்கு ஓரளவு வேரிருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது, “வாங்கலாமா?” என்று கேளாது, “எந்தப் பகுதியிலிருந்து எடுப்பது?” என்று கேட்டல். முதற் கேள்வி ஒருவரை விண்ணப்பதாரராகவும் மற்றவரை நீதிபதியாகவும் ஆக்குகிறது. இரண்டாவது கேள்வியோ இருவரையும் ஒரே பக்கத்தில் அமர்த்துகிறது.

பணத்தை மனிதர் மனத்துள்ளே பல அறைகளாகப் பிரித்து வைக்கின்றனர் என்பதை ஆராய்ந்தவர், 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர். உழைத்த பணத்தை எண்ணிச் செலவிடுபவரே எதிர்பாராது வந்த பணத்தை எளிதில் செலவிட்டு விடுவதுண்டு. வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பும் பணம் நம் குடும்பங்களில் பல வேளைகளில் இவ்வாறே கரைகிறது. அனுப்புபவர் அங்கே எத்தனை மணி நேரம் நின்று உழைத்தார் என்பதை எண்ணின், அப்பணமும் ஒரு பகுதிக்குள் அடங்க வேண்டியதே என்பது விளங்கும்.

தவணை முறையின் விலை

120,000 ரூபாக் குளிர்சாதனப் பெட்டியை மாதம் 6,500 ரூபாவாக 24 தவணையில் தருவதாகக் கடைக்காரர் கூறின், செலுத்தும் மொத்தம் 156,000 ரூபா. மேலதிகம் 36,000. அதனிலும் முக்கியமானது, அந்த 6,500 ரூபா மேற்காட்டிய குடும்பத்தின் மாதச் சேமிப்பைவிடப் பெரிது என்பதே. இரண்டாண்டுக்குச் சேமிப்பு நின்றுவிடுவதோடு, மேலும் 1,500 ரூபா வேறொரு பகுதியிலிருந்து வரவேண்டும். தவணைத் தாளில் ஒப்பமிடுமுன் அந்தப் பகுதி எதுவென இருவரும் எழுதிப் பார்க்கட்டும்.

உண்மை விலை

“இஞ்சாருங்கோ, உது என்ன விலை?” என்று மனைவி கேட்க, “பெரிசா இல்லையப்பா, மலிவாத்தான் கிடைச்சது” என்று கணவன் மழுப்புவதும், புதுச் சேலையைப் பழைய சேலையென மனைவி மறைப்பதும் நகைப்புக்குரியனவாகக் கருதப்படுகின்றன. அவ்வாறு கருதுவது தவறு. சிறு விலையை மறைக்கப் பழகிய நாவு, பெருங் கடனையும் மறைக்கப் பழகிவிடும். மறைத்த கடன் வெளிப்படும் நாளில், பணத்தைவிட நம்பிக்கையே அதிகம் நட்டமாகிறது.

தனிச்செலவுப் பகுதியின் பயன் இங்கேதான் விளங்கும். அந்த 2,000 ரூபாவுக்கு எவரும் எவருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே பொய்க்கும் இடமில்லை. ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் இது மேலும் அவசியமாகும். வீட்டையும் பிள்ளைகளையும் காத்து நிற்கும் மனைவி, ஒரு சோடி வளையலுக்கும் கை நீட்டிக் கேட்க நேரின், அவள் மனம் நோகாதிருக்குமா? சம்பளம் ஒருவர் பெயரில் வந்தாலும் தனிச்செலவு இருவருக்கும் சமமாகவே இருத்தல் வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள், பிள்ளைகள் உறங்கியபின், அரைமணி நேரம் இருவரும் கொப்பியுடன் அமரட்டும். சென்ற மாதத்தின் பிழைக்குக் குற்றவாளியைத் தேடாது, வரும் மாதத்துக்குரிய தொகையைத் திருத்தட்டும். உணவுப் பகுதி மும்மாதமும் மீறுமாயின், மீறியவர் மீதல்ல, போட்ட தொகை மீதே ஐயங் கொள்ளட்டும். வளர்ந்த பிள்ளைகள் இருப்பின் அவர்களையும் சில வேளை அருகில் இருத்தலாம். பெற்றோர் சச்சரவின்றிக் கணக்குப் பார்ப்பதைக் கண்டு வளரும் பிள்ளைக்குச் சிக்கனத்தைத் தனியாகப் போதிக்க வேண்டிய தேவை இராது.