கப்பல் சுற்றுலா: டிக்கெட்டுக்கு மேல் எவ்வளவு?

ஆண்டு டார்கெட்டை முடித்த ஸ்டாக்கிஸ்டுகளையும் மொத்த வியாபாரிகளையும் கம்பெனிகள் வெளிநாடு அழைத்துச் செல்வது நம் தொழிலில் பழைய வழக்கம். முன்பெல்லாம் விமானத்தில் பாங்காக்கோ சிங்கப்பூரோ போய், ஓட்டலில் தங்கி, நாலு இடம் பார்த்துத் திரும்புவதோடு சரி. இப்போது கப்பலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கம்பெனி அழைக்காவிட்டாலும், கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுத் தம்பதியாகக் கப்பலில் போய் வருகிற வணிக அன்பர்களும் பெருகி வருகிறார்கள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரெஸ் என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு ஜூனில் அதே கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போய் வந்தது. ஆகவே கப்பல் என்பது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

நானும் ஒரு கம்பெனியின் ஸ்கீமில், மனைவியுடன் சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு கப்பலில் போய் வந்தேன். "எல்லாம் இலவசம், நீங்கள் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் போதும்" என்றுதான் சொன்னார்கள். இறங்க வேண்டிய நாள் விடியற்காலையில் எங்கள் அறைக் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பில். 384 சிங்கப்பூர் டாலர்.

கடையில் பத்து ரூபாய் கணக்கு இடித்தாலும் சிட்டையை முதலிலிருந்து கூட்டிப் பார்க்கிறவன் நான். அங்கேயே உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தேன். பணியாளர் டிப்ஸ் இரண்டு பேருக்கு மூன்று நாளுக்கு 150. அறையிலிருந்த சிறு ஃபிரிட்ஜில் எடுத்த தண்ணீர் பாட்டில், பழரசம் 24. போட்டோ 60. ஒரு நாள் இரவு தனி உணவகத்தில் சாப்பிட்டது 98. ஒயின் ஒரு பாட்டில் 52. கடைசி வரியைப் பார்த்ததும் என் மனைவி, "ஏங்க, இது எப்ப?" என்றார். நாங்கள் ஒயினைத் தொட்டதுகூட இல்லை. கவுன்ட்டரில் போய்க் கேட்டேன். கையெழுத்திட்ட சீட்டை எடுத்துக் காட்டினார்கள். கையெழுத்து வேறு யாருடையதோ. அறை எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு 52 டாலரைக் கழித்தார்கள். மற்ற நான்கும் நியாயமான பற்றுதான், நான்தான் கேட்காமல் போயிருந்தேன்.

கப்பலும் ஒரு கடைதான்

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. நம்மில் பலர் சர்க்கரையை அடக்க விலைக்கே கொடுத்து ஆளைக் கடைக்குள் வரவழைத்து, பருப்பிலும் மசாலாவிலும் லாபம் பார்க்கிறோம் அல்லவா? கப்பல் கம்பெனியும் அதையேதான் செய்கிறது. அதற்கு டிக்கெட்தான் சர்க்கரை. உலகின் பெரிய கப்பல் சுற்றுலாக் கம்பெனியான கார்னிவலின் 2023 ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்த வருவாய் ஏறக்குறைய 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்றது சுமார் 1,410 கோடி. மீதி 750 கோடி டாலர் கப்பலுக்குள் விற்ற மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, வைஃபை போன்ற வகைகளில் வந்தது. மூன்றில் ஒரு பங்கு! ஆகவே டிக்கெட் விலையை மட்டும் பார்த்து "மலிவு" என்று சொல்கிறவர், சர்க்கரை விலையை மட்டும் பார்த்துக் கடைக்கு வருகிற வாடிக்கையாளரைப் போன்றவர்.

விளம்பரத்தில் "ஆளுக்கு ரூ.25,000" என்று போட்டிருந்தால், அது ஒரே அறையில் இரண்டு பேர் தங்குகிற கணக்கு. துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் அதற்கு மேல். தனி ஆளாகப் போனால் பல கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு ஆள் கட்டணமே கேட்பார்கள். அறை ஒன்று போய்விடுகிறதல்லவா, அதனால். மாறாக, அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகளைச் சேர்த்தால் அவர்களுக்குக் கட்டணம் குறையும். ஆனால் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்குகிற படுக்கைதான் கிடைக்கும். பெரியவர்களை அதில் ஏறச் சொல்லக் கூடாது.

அறை எடுக்கும்போது

அறைகள் பொதுவாக நான்கு வகை: ஜன்னலே இல்லாத உள் அறை, கண்ணாடி ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, சூட் என்னும் பெரிய அறை. உள் அறை பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடிக்குள் இருக்கும். விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. மூன்று இரவு பயணத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து, அறைக்குள் இருக்கப் போவது தூங்குகிற நேரம் மட்டும்தானே. நடமாட்டம் குறைந்த பெரியவர்களை அழைத்துப் போனால் மட்டும் பால்கனிக்குப் பணம் கொடுக்கலாம்.

வகையைவிட இடம் முக்கியம். தலைசுற்றல், வாந்திக்குப் பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள். முன் முனையிலும் உயரமான தளங்களிலும் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே அறை அமைந்தால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம் தலைக்கு மேல் கேட்கும். நாடக அரங்கு, நடனக் கூடத்தின் அருகில் அமைந்தால் நள்ளிரவு வரை தூக்கம் இல்லை. கப்பல் தளங்களின் வரைபடத்தைக் கம்பெனிகளே தருகின்றன. பணம் கட்டும் முன் அதை வாங்கிப் பார்த்து, அறை எண்ணின் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். "அறை எண்ணைப் பிறகு நாங்களே ஒதுக்குவோம்" என்ற நிபந்தனையோடு மலிவாக விற்பதும் உண்டு. அதில் தேர்வு உங்கள் கையில் இல்லை. ஜன்னல் அறை என்று விற்றுவிட்டு, சிறிய எழுத்தில் "காட்சி மறைக்கப்பட்டது" என்று போட்டிருந்தால், ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று பொருள்.

மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சாதம் வடிக்கும் குக்கர் இவற்றைக் கப்பலில் அனுமதிப்பதில்லை. தீ விபத்து அச்சம்தான் காரணம். சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். எங்கள் குழுவில் ஒருவர் குக்கரும் பொன்னி அரிசியுமாக வந்து, குக்கரை அங்கே விட்டுவிட்டு அரிசியை மூன்று நாளும் அறையில் வைத்திருந்தார்! வீட்டில் செய்த பலகாரங்களையும் பல கப்பல்களில் மறுக்கிறார்கள். கடையில் விற்கும் சீல் வைத்த பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பாக்கெட் பெரும்பாலும் போகும், ஆனால் வழியில் இறங்குகிற துறைமுகத்தில் உணவுப் பொருளை வெளியே எடுத்துப் போகக் கூடாது. கழிவறையில் விமானத்தில் உள்ளதுபோல் உறிஞ்சும் ஏற்பாடு இருக்கும், தண்ணீர்க் குழாய் இருப்பது அரிது. ஒரு சிறு பிளாஸ்டிக் கப் பெட்டியில் இருக்கட்டும்.

சாப்பாடு

பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் டிக்கெட்டில் அடக்கம். எத்தனை தடவை வேண்டுமானாலும் சாப்பிடலாம். பஃபேயில் குடிநீர், தேநீர், காபி பெரும்பாலும் இலவசம். அறையில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில் அப்படியில்லை. பஃபேயிலிருந்து நம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்திருந்தால் என் 24 டாலரில் பாதி மிச்சமாகியிருக்கும். மாலையில் கூடத்தில் சாப்பிட இரண்டு முறை வைத்திருப்பார்கள். முதல் பந்தி ஆறு மணிக்கு முன்பின்னாகவும், இரண்டாவது எட்டு மணிக்கு மேலும் நடக்கும். நம் ஊர் வழக்கத்துக்கு இரண்டாவதே பொருந்தும்.

சைவர்கள், ஜைன அன்பர்கள் கப்பலில் ஏறிய பிறகு கேட்பதைவிட, முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கப்பலுக்கு வேண்டிய சரக்கு துறைமுகத்திலேயே ஏற்றப்படுகிறது. நடுக்கடலில் சமையற்காரரிடம் போய் வெங்காயம் பூண்டு இல்லாமல் கேட்டால் அவர் என்ன செய்வார்? சிங்கப்பூரிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புறப்படும் கப்பல்களில் இந்தியச் சாப்பாட்டுக்கு நல்ல ஏற்பாடு உண்டு. மேல்நாட்டுக் கப்பல்களில் முதல் நாள் இரவே உணவுக்கூட மேலாளரிடம் சொன்னால் மறுநாளிலிருந்து பருப்பும் சாதமும் செய்து தருகிறார்கள்.

"தனி உணவகம்" என்று பெயர் போட்ட இடங்களுக்குத் தனிக் கட்டணம். வாசலில் சிரித்து அழைப்பார்கள், பில் மட்டும் பிறகு வரும். அறைக்குச் சாப்பாடு வரவழைத்தாலும் பல கப்பல்களில் கட்டணம் உண்டு. மது அருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாள் கணக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று ஒரு திட்டம் விற்பார்கள். பயணத்தின் எல்லா நாளுக்கும் அதை வாங்க வேண்டும், கரையில் இறங்கிச் சுற்றுகிற நாளுக்கும் சேர்த்து. சில கம்பெனிகளில் ஒரே அறையில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும். கணவர் ஒருவர் குடிக்க மனைவி பெயருக்கும் பணம். திட்டம் இல்லாமல் வாங்கினாலும் ஒவ்வொரு கோப்பைக்கும் 18 முதல் 20 சதவிகிதம் சேவைக் கட்டணம் தானாகவே ஏறும்.

பற்றுக் கணக்கு

கப்பலில் ரொக்கம் கிடையாது. ஏறும்போது தருகிற அட்டைதான் அறைச் சாவி, அதுவே பற்று வரவுப் புத்தகம். நீட்டினால் போதும், எழுதிக்கொள்வார்கள். நம் கடையில் பற்று வைக்கிறவர் மாதக் கடைசியில் தொகையைப் பார்த்து விழிப்பாரே, அதே கதைதான்.

அந்த அட்டைக்கு ஈடாகக் கிரெடிட் கார்டோ ரொக்க முன்பணமோ கேட்பார்கள். கடையின் நடப்புக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டை மட்டும் கொடுக்காதீர்கள். செலவழிக்காத தொகையையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள், அது விடுபட்டு வரப் பல நாள் ஆகலாம். அதற்குள் சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பினால் நஷ்டம் யாருக்கு? கணக்கை முடிக்கும்போது "ரூபாயிலேயே போட்டுவிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் நம் வங்கி தருவதைவிட மோசமாகவே இருக்கும்.

டிப்ஸ் பற்றிப் பலருக்குக் கோபம். அமெரிக்கக் கம்பெனிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே ஏறும். 18 டாலர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு மூன்று நாளில் 108 டாலர். டாலர் 90 ரூபாய் என்றால் 9,720 ரூபாய். சிறுவர்களுக்கும் முழுசாகப் போடுகிற கம்பெனிகள் உண்டு. சில கப்பல்களில் கவுன்ட்டரில் கேட்டுக் குறைக்க முடியும். ஆனால் அந்தப் பையன்கள் மாதக்கணக்கில் வாரவிடுமுறை இல்லாமல் வேலை செய்கிறவர்கள், அவர்களில் இந்தியர்களும் ஏராளம். தீபாவளிக்குக் கடைப் பையன்களுக்கு போனஸ் கொடுக்கிற நாம் அதில் கை வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். முன்கூட்டியே பயணச் செலவில் சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

போட்டோக்காரர்கள் ஏறும் வாசலிலிருந்து சாப்பாட்டு மேசை வரை வருவார்கள். எடுப்பது இலவசம், வாங்கினால்தான் பணம். கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே எடுத்தால் விலை கூடுதல், ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாக டாக்சி பிடித்துப் போனால் கப்பல் நமக்காக நிற்காது. கப்பல் மருத்துவரிடம் போனால் தனி பில், ஆகவே பயணக் காப்பீடு அவசியம். சிங்கப்பூரில் ஏறி அங்கேயே திரும்பி இறங்குவதானால், பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி கப்பல் பில்லில் வரவில்லை. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்குப் போன் செய்து கல்லாக் கணக்குக் கேட்பது என் வழக்கம். கடலிலும் செய்தேன், மணி அடித்தது, பேசினேன். கரையை விட்டு விலகியதும் போன் கப்பலின் சாட்டிலைட் இணைப்புக்குத் தாவிவிடுகிறது, அதற்கு நிமிடக் கட்டணமே நூறு ரூபாய்க்கு மேல் என்பது அடுத்த மாத போன் பில் வந்தபோதுதான் தெரிந்தது. சாதாரண வெளிநாட்டு ரோமிங் திட்டம் கப்பலுக்குச் செல்லாது. ஏறியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வேண்டுமானால் கப்பலின் வைஃபையை ஒரு நாளுக்கு வாங்கிப் பேசுவதே சிக்கனம்.

இறங்கும் நாளுக்கு முந்தின மாலையே கணக்கைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். அறை டி.வி.யிலோ கவுன்ட்டரிலோ காட்டுவார்கள். கடைசி நாள் காலையில் கவுன்ட்டரில் நிற்கிற வரிசை ரேஷன் கடையைத் தோற்கடிக்கும்.

இலவசத்துக்கும் வரி

ஊருக்குத் திரும்பிப் பல மாதம் கழித்து வருமான வரிக் கணக்கு எழுதும்போது எங்கள் ஆடிட்டர் கேட்டார், "அண்ணாச்சி, கப்பல்ல போனது இலவசம்னு சொன்னீங்க, உங்க பான் நம்பர்ல வந்திருக்கே?" 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இது. வியாபாரத் தொடர்பில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் ரூ.20,000க்கு மேல் சலுகையோ அன்பளிப்போ கொடுத்தால், அது பணமாக இல்லாவிட்டாலும், கொடுக்கிற கம்பெனி அதன் மதிப்பில் 10 சதவிகிதம் டி.டி.எஸ். கட்ட வேண்டும். டார்கெட் முடித்ததற்காக அழைத்துப் போகிற சுற்றுலா இதில் அடங்கும். டீலர்களுக்கான பயிற்சிக் கூட்டம் என்றால் விலக்கு உண்டு, ஆனால் ஊர் சுற்றிய நாட்களுக்கும் உடன் வந்த குடும்பத்தாருக்கும் ஆன செலவுக்கு அந்த விலக்கு இல்லை. அந்த மதிப்பு நம் வியாபார வருமானத்தில் சேர்ந்து, நம் வரி விகிதப்படி கணக்காகும். பிடித்த 10 சதவிகிதம் கழியும், மீதியை நாம் கட்ட வேண்டும். சில கம்பெனிகள் அந்த 10 சதவிகிதத்தையும் நம்மிடமே முன்கூட்டி வசூலிக்கின்றன. சொந்தப் பணத்தில் வெளிநாட்டுச் சுற்றுலா எடுத்தாலும் ஏஜென்ட் டி.சி.எஸ். வசூலிப்பார். அந்த ரசீதைப் பத்திரப்படுத்தினால் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இந்த வருடமும் ஒரு கம்பெனியிலிருந்து கப்பல் ஸ்கீம் வந்திருக்கிறது. பாஸ்போர்ட் நகலைக் கொடுக்கும் முன் விற்பனை மேலாளரிடம் நாலு கேள்வி எழுதிக் கொடுத்தேன்: எந்தத் தளத்தில் அறை, டிப்ஸ் யார் கணக்கு, எங்கள் பெயரில் என்ன மதிப்பு காட்டுவீர்கள், டி.டி.எஸ். யார் கட்டுவது. ஒரு வாரத்தில் லெட்டர்பேடில் பதில் வந்தது. டிப்ஸும் டி.டி.எஸ்.ஸும் கம்பெனியே ஏற்கிறது. போட்டோ மட்டும் என் கணக்கு.