பேசினால் போதும், டைப் ஆகும்! நெட் இல்லாமலே நம்ம கம்ப்யூட்டரில் செய்யலாம்

திங்கட்கிழமை வந்தால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர்களைச் சுற்றி கூட்டம் மொய்க்கும். மக்கள் குறைதீர்க்கும் நாள் ஆச்சே! வாயால் விலாவாரியாகச் சொல்வார்கள், எழுதத்தான் வராது.

சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரே டைப் அடித்துக் கொடுத்தால்?

செல்போனில் இந்த வசதி இருக்கிறது. ஆனால் பல ஆப்களில் பேசும் குரல் நெட் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வரும். நிலத்தகராறு, குடும்பச் சண்டை, ஆதார் நம்பர் எல்லாம் வெளியே போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். நெட் கட் ஆனால் வேலையும் கட்!

இதற்கு ஒரு வழி 2022 செப்டம்பரில் பிறந்தது. அமெரிக்காவின் ஓபன்ஏஐ நிறுவனம் 'விஸ்பர்' என்ற குரல் அறியும் மாடலை இலவசமாக வெளியிட்டது. யாரும் டவுன்லோடு செய்யலாம், மாற்றலாம். அதே ஆண்டிலேயே பல்கேரியாவைச் சேர்ந்த ஜார்ஜி கெர்கனோவ் அதை சி பிளஸ் பிளஸ் மொழியில் திருப்பி எழுதினார். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதா கம்ப்யூட்டரிலும் அது நன்றாக ஓட ஆரம்பித்தது.

எப்படி வேலை செய்கிறது?

மைக்கில் வரும் குரலை நொடிக்கு 16 ஆயிரம் தடவை அளந்து எண்களாக்கும். அதை 30 நொடித் துண்டுகளாக வெட்டி, எந்த நேரத்தில் எந்த ஒலி எவ்வளவு பலம் என்று காட்டும் படமாக மாற்றும். கிட்டத்தட்ட ஈ.சி.ஜி. மாதிரி. அந்தப் படத்தை வைத்து முதலில் இது என்ன மொழி என்று கண்டுபிடிக்கும். பிறகு எழுத்துகளை ஊகித்து அடுக்கிக்கொண்டே போகும்.

இதற்காக 6 லட்சத்து 80 ஆயிரம் மணி நேர ஒலியில் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பகுதி ஆங்கிலம். மற்ற 96 மொழிகளுக்கும் சேர்த்தே 1 லட்சத்து 17 ஆயிரம் மணி நேரம்தான். தமிழ் அதில் ஒரு ஓரத்தில்!

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு கம்ப்யூட்டரில் 1 பைட். நம்ம 'க'வுக்கு 3 பைட், 'கொ'வுக்கு 6. துண்டு துண்டாக ஊகிப்பதால் தமிழுக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

என்னென்ன வேண்டும்?

பைத்தான் தெரிந்த பாலிடெக்னிக் மாணவர்கூட இதைச் செய்துவிடலாம். ஒரு மைக், ஒரு 'பேசு' பட்டன், எழுத்து விழ ஒரு பெட்டி. மாடலில் 'ஸ்மால்' அரை ஜிபிக்குள் அடங்கும், ஆனால் தமிழில் நிறைய தப்பு விடும். 'லார்ஜ்' பரவாயில்லை. அது 3 ஜிபி, பழைய கம்ப்யூட்டர் திணறும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே தயாரித்த மாடல்களையும் முயன்று பார்க்கலாம்.

மொழியை அதுவே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதை விட 'தமிழ்' என்று செட் செய்வது நல்லது. "பேங்க்ல லோன் அப்ளை பண்ணேன்" என்று ஆரம்பித்தால் அது குழம்பிவிடும்.

உஷார்!

பேசாதபோதும் எழுதும் கெட்ட பழக்கம் இதற்கு உண்டு. சும்மா இருந்தால் 'வீடியோ பார்த்ததற்கு நன்றி' என்கிற மாதிரி எதையாவது போட்டுவிடும். 2024-ல் வெளியான அமெரிக்க ஆய்வாளர்களின் சோதனையில், சுமார் 1 சதவீத ஒலித்துண்டுகளில் யாரும் சொல்லாத வாசகங்கள் முளைத்திருந்தன. இடைவெளி விட்டு விட்டுப் பேசுபவர்களுக்கு இது அதிகம். எனவே அமைதியான இடங்களை வெட்டி எறியும் ஒரு வடிகட்டியைச் சேர்ப்பது கட்டாயம்.

சர்வே நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் மனு பக்கத்து வயலுக்குப் போய்விடும். நம்பர், பெயர், தேதி மூன்றையும் கையால் டைப் அடிக்க தனிப் பெட்டி வைப்பதே பாதுகாப்பு.

ஜாப் டைப்பிங் கடைக்காரர்கள் உடனே பயப்பட வேண்டியதில்லை. "வந்துட்டாங்க" என்பதை மெஷின் சில நேரம் அப்படியே போடும், சில நேரம் மாற்றிப் போடும். அதை மனு நடைக்குத் திருத்த இப்போதைக்கு ஆள் வேண்டும்.