சிவப்பா, பச்சையா?

சீனப் புதினம் ஒன்றை ஆங்கிலத்தில் இருமுறை படித்தேன். ஒரே நூலை இருமுறை என்று எண்ண வேண்டா, மொழிபெயர்ப்புகள் இரண்டு. படித்து முடித்தபோது, கதையைவிட ஒரு நிறமே என் உள்ளத்தில் பெரிதாய் நின்றது.

நூலின் பெயர் ‘செம்மாடக் கனவு’ எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் சாவ் சுவேசின் எழுதியது. 1791-இல் 120 அதிகாரங்களுடன் அச்சேறியது. பெருங்குடும்பம் ஒன்றின் வாழ்வும் சரிவுமே கதை. யாங் சியன்யியும் அவர் மனைவி கிளாடிசும் 1978 முதல் 1980 வரை பீகிங்கில் இதனை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். அதற்குமுன், 1968 முதல் 1972 வரை, இருவரும் சிறையில் வாடியவர்கள். டேவிட் ஹாக்ஸ் இந்நூலுக்காகவே 1971-இல் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் பதவியைத் துறந்தார். (நம் வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்!) முதல் 80 அதிகாரங்கள் அவருடையவை, எஞ்சியவை ஜான் மின்ஃபோர்டுடையவை.

கதைத்தலைவன் வாழும் மனையின் பெயர், ‘சிவப்பில் மகிழும் முற்றம்’ எனப் பொருள்படும். யாங் தம்பதியர் சிவப்பைச் சிவப்பாகவே வைத்தனர். ஹாக்சோ அதைப் பச்சையாக்கிவிட்டார்! அறியாமையா? அன்று. சீனர்க்குச் சிவப்பு என்றால் வசந்தம், இளமை, செல்வம். ஆங்கிலேயனுக்கு அவற்றை நினைவூட்டுவன பொன்னிறமும் பச்சையுமே என்று முன்னுரையில் அவரே கூறுகிறார். புதினத்தின் மற்றொரு பெயரான ‘கல்லின் கதை’யையே தலைப்பாகக் கொண்டதால், நூற்பெயரிலிருந்தும் சிவப்பு அகன்றது.

வாசகனை ஆசிரியனிடம் அழைத்துச் செல்வது, ஆசிரியனை வாசகனிடம் கொண்டுவருவது என மொழிபெயர்ப்புக்கு வழிகள் இரண்டே என்று 1813-இல் ஷ்லையர்மாகர் என்ற செருமானிய அறிஞர் சொன்னார். யாங் தம்பதியர் முன்னதையும் ஹாக்ஸ் பின்னதையும் பெரும்பாலும் தழுவினர். ‘முயல்வது மனிதன், முடிப்பது வானம்’ என்கிறாள் லியூ பாட்டி. யாங் நூலில் வானம் வானமாகவே நிற்கிறது. ஹாக்சிடம் அது கடவுளாகிறது. நாட்டுப்புறச் சீனக் கிழவி, ஞாயிறுதோறும் மாதாகோவிலுக்குப் போகிறவள்போல் பேசுகிறாள்!

ஆயினும் படிக்க இனிமை ஹாக்சிடமே என்பதை மறைக்க மாட்டேன். சீரென் என்னும் பணிப்பெண்ணின் குடிப்பெயருக்கு ‘மலர்’ என்று பொருள். மலர்மணம் மனிதரைத் தாக்குவதைப் பாடும் பழம்பாட்டொன்றிலிருந்து எடுத்து அவளுக்கு இப்பெயரிட்டவன் தலைவன். யாங் நூலில் பெயரின் ஒலி மட்டுமே கேட்கிறது. ஹாக்ஸ் ‘நறுமணம்’ என்றே பெயர் சூட்டிவிட்டார். அங்கே அவருக்கே என் வாக்கு.

ஆனால், ஹாக்ஸ் மனத்தில் கொண்ட வாசகன் யார்? ஆங்கிலேயன். நாமோ உலக இலக்கியத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்குக் கொணர்கிறோம். செம்மை என்ற சொல்லிலேயே நிறமும் நேர்மையும் சிறப்பும் ஒருங்கே அமைந்த மொழி நமது. நெற்றியில் குங்குமம் இடுகிறோம். சீனச் சிவப்பு நமக்குப் புரியாதா? அவனுக்காக மாற்றிய பச்சையை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இக்கதையில் ஓர் அதிகாரத்தையேனும் தமிழாக்க முயன்று வருகிறேன். மனைக்குச் ‘செம்மகிழ் முற்றம்’ எனப் பெயரிட்டேன். சீரென்னுக்குத்தான் பெயர் அகப்படவில்லை. “மணம்மாள் என்று வையேன்” என்றான் அறைத் தோழன். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.