அடையாள அட்டையும் கணினியும்

ஹந்தானை மலைச்சாரலிற் கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, அன்றைய சம்பளத்தை இழந்து கண்டி நகரிலுள்ள மருந்தகமொன்றுக்கு வருகின்றாள் என வைத்துக்கொள்வோம். இலிகிதர் அவளுடைய தேசிய அடையாள அட்டை எண்ணைக் கணினியிற் பதிகின்றார். “பிழையான எண்” என்கின்றது கணினி. அட்டையோ ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கிய மெய்யான அட்டை. பின் பிழை எங்கே?

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டிற் பிறந்த நாள் எத்தனையாவது என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 1975 பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 532. நிரல் எழுதியவருக்குக் கொடுத்த குறிப்பிலோ, “நாள் 1 முதல் 366 வரை” என்று மட்டுமே இருந்தது. அவரும் அப்படியே எழுதினார். சோதனைகள் யாவும் தேறின. பெண்கள் அனைவரும் வெளியே நின்றனர்!

எழுதிக் கொடுத்தபடி நிரல் அமைந்துள்ளதா என ஆராய்வது சரிபார்த்தல். எழுதிக் கொடுத்ததே பயன்படுத்துவோரின் தேவைக்குப் பொருந்துமா என ஆராய்வது வலிதாக்கல். முன்னது மேசையிலிருந்தே பெரும்பாலும் முடியும். பின்னதற்கு இலிகிதரின் பக்கத்தில் அமரவேண்டும். 1996 ஜூன் 4ஆம் திகதி ஏவப்பட்ட ஏரியான் 5 ராக்கெட் ஏறக்குறைய 40 வினாடிகளில் அழிந்ததும் இவ்வகைக் குறையாலேயே. ஏரியான் 4இற் செவ்வனே இயங்கிய நிரற்பகுதியை, புதிய ராக்கெட்டின் பாதைக்கேற்பச் சோதியாது விட்டனர்.

இச்சோதனைகளை இறுதி வாரத்துக்கு ஒத்திவைப்பது நம்மவரின் வழக்கம். தேவையை எழுதும் அன்றே, எதனை, யார், எந்த அட்டைகளைக் கொண்டு சோதிப்பது, என்ன விடை வரவேண்டும் என்பனவற்றையும் எழுதிவிட வேண்டும். நிரலை எழுதியவரே அதனைச் சோதிப்பது, மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்றதே. இத்தகைய திட்டங்களுக்கென்றே 1986இல் அமெரிக்கப் பொறியியலாளர் நிறுவனமொன்று 1012 என்னும் எண்ணுடைய நியமத்தை வெளியிட்டது.

பேராதனையிற் கணினிப் பொறியியல் பயிலும் மாணவர் கண்டிக்கென ஒரு நிரல் எழுதப் புகுந்தால், அவர்தம் திட்டத்தில் ஒரு பெண்ணின் பழைய அட்டை வேண்டும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டை வேண்டும். குடும்பப் பெயரின்றித் தந்தையின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்ட தமிழரின் பெயர் வேண்டும். கட்டத்துக்குள் அடங்காத கண்டிச் சிங்களவரின் நீண்ட வாசகமப் பெயரும் வேண்டும்.