ஹென்றி டன்ஸ்டர்

அமெரிக்க நாட்டின் மிகப் பழைய கல்லூரி ஹார்வர்டு. 1636ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அது, முதல் ஆசிரியர் கொடுமைக்காக நீக்கப்பட்டமையால் 1639இல் மூடிக் கிடந்தது. மறு ஆண்டில் அதன் முதல் தலைவராக அமர்ந்தார் இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி டன்ஸ்டர். அவர் பாடத்திட்டம் வகுத்தார். தாமே பாடமும் நடத்தினார். 1642இல் ஒன்பது மாணவர் பட்டம் பெற்றனர். 1650இல் கல்லூரிக்கு உரிமைப் பட்டயமும் கிடைத்தது.

ஞானஸ்நானம், அதன் பொருளை உணர்ந்து ஏற்பார்க்கே உரியது. கைக்குழந்தைகட்கு அன்று என அவர் பின்னர்க் கருதலானார். அக்கருத்தை மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தார் பெருங்குற்றமாக எண்ணினர். வாய்மூடி இருந்திருப்பின் பதவி நிலைத்திருக்கும். ஆயினும் உள்ளத்தை மறைத்து வாழ அவர் ஒருப்படவில்லை. 1654இல் பதவி துறந்தார். 1659இல் மறைந்த அவர் உடல், அவர் விரும்பியவாறே கல்லூரி அமைந்த கேம்பிரிட்ஜு நகரில் அடக்கம் செய்யப்பெற்றது. பதவி அவரை விட்டு நீங்கியது. அவர் பெற்றுத் தந்த பட்டயமோ இன்றும் ஹார்வர்டை நடத்துகின்றது.