காலை நடையும் இன்சுலின் ஊசியும்

திருவரங்கத்தின் உத்தர வீதிகளையும் சித்திரை வீதிகளையும் விடியற்காலையில் சுற்றி நடப்போரும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் நானூறுக்கும் மேற்பட்ட படிகளை உடற்பயிற்சியாகவே ஏறி இறங்குவோரும் பலர். இவர்களுள் தமக்குத் தாமே இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஊசியும் சர்க்கரையைக் குறைக்கிறது, நடையும் குறைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தை எட்டினால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுகிறது.

ஓய்வில் இருக்கும் தசைக்குள் குளுக்கோஸ் புகுவதற்கு இன்சுலின் வேண்டும். அது கட்டளையிட்டால்தான் 'குளுட்-4' என்னும் கடத்திப் புரதங்கள் உயிரணுவின் உட்புறத்திலிருந்து மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. ஆனால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் கட்டளை இல்லாமலே அப்புரதங்கள் மேலே வந்துவிடுகின்றன. நலமான உடலில் அந்நேரம் கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். தோலுக்கடியில் செலுத்திவிட்ட மருந்தை அவ்வாறு திரும்பப் பெற வழியில்லை.

ஊசி போடும் இடம் இங்கேதான் முக்கியமாகிறது. தொடையில் செலுத்திய குறுகிய நேர இன்சுலினைக் காலுக்கான பயிற்சி விரைவாக இரத்தத்தில் சேர்த்துவிடுவதையும், கையில் செலுத்தியபோது அவ்விரைவு காணப்படாததையும் கொய்விஸ்டோ, பெலிக் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது; ஆகவே படியேறப் போகிறவர் உணவு நேர ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது தக்கது. மெலிந்த தொடையில் நீண்ட ஊசி தசைக்குள்ளேயே இறங்கிவிடக்கூடும், அப்போது மருந்து இன்னும் வேகமாக ஏறும் என்பதால், பெரும்பாலோருக்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும். வலிக்காத இடம் என்று நாள்தோறும் ஒரே இடத்தில் குத்துவோருக்கு அங்கே கொழுப்புத் திரண்டு கட்டி உண்டாகிறது. கட்டியில் போட்ட மருந்து ஒரு நாள் மெதுவாகவும் மறுநாள் வேகமாகவும் ஏறுவதால், நடையின் மேல் வீண் பழி விழுகிறது. தொப்புளைச் சுற்றி இரு விரற்கடை விட்டு, முந்தைய இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளிக் குத்துவதும், விரலால் தடவிப் பார்த்துத் தடிப்பைத் தவிர்ப்பதும் செலவில்லாத மருத்துவம். சித்திரை, வைகாசி வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்த இன்சுலின் பேனா கெட்டு வீரியம் இழக்கும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

புறப்படும்முன் சோதித்து, அளவு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சிறிது மாவுச்சத்து உண்டபின் நடப்பதே பாதுகாப்பு. வழியில் கை நடுங்கி, வியர்த்து, 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். காலியான சர்க்கரைச் சேமிப்பைத் தசை நிரப்பிக்கொள்வது பல மணி நேரம் நீடிப்பதால், மாலையில் மலையேறியவருக்குத் தாழ்சர்க்கரை நள்ளிரவில் வருவதும் உண்டு. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

வைகுண்ட ஏகாதசியன்று உண்ணாநோன்புடன் பரமபத வாசலுக்கு நெடுநேரம் வரிசையில் நிற்பதும் இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கு ஒருவகை உடற்பயிற்சியே. உணவே இல்லாதபோது உணவு நேர ஊசிக்கு வேலையில்லை; ஆனால் முதல் வகை நீரிழிவு உள்ளவர் நாள் முழுதும் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினையும் சேர்த்து நிறுத்திவிட்டால், உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் அமிலப் பொருள்களைக் குவித்து உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால், அந்த அளவை எவ்வளவு குறைப்பது என்பதை நோன்புக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்வதும், வரிசையில் நிற்கையில் குளுக்கோஸ் பொட்டலத்தை மடியில் முடிந்துகொள்வதும் தேவைப்படுகின்றன.