சோழமண்டலக் கடற்கரை மணல்மேடுகள்

கடற்கரை மணல்மேடுகள் என்பவை, அலைகள் ஒதுக்கும் மணலைக் காற்று கரைக்குள் கொண்டுவரும்போது அது செடிகொடிகளில் தடைபட்டுக் குவிவதால் உருவாகும் மேடுகள் ஆகும். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகச் செல்லும் கரையிலும் இவை காணப்படுகின்றன. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்படும் வரை இப்பகுதி காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. மணல்மேடுகள் புயல் அலைகளின் வேகத்தைத் தணிக்கின்றன. மழைநீரை உள்வாங்கி, கரையோர ஊர்களின் நன்னீர் ஊற்றுகளைக் காக்கின்றன.

இயல் தாவரங்கள்

மேட்டின் கடல்நோக்கிய பக்கத்தில் முதலில் வேரூன்றுவது அடப்பங்கொடி. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் இது 'அடும்பு' எனப்படுகிறது. ஆட்டுக் குளம்பு போன்ற இலையும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாப் பூவும் உடையது. இதன் தண்டு மணலில் புதைந்தாலும் கணுக்களில் வேர்விட்டு மேலும் படரும். இராவணன் மீசை என்னும் முள் போன்ற புல்லும் மணலைப் பிடித்து வைக்கிறது. இதன் உருண்டையான காய்க்கொத்து காற்றில் உருண்டோடி விதைகளைப் பரப்பும்.

உயிரினங்கள்

வளை தோண்டி வாழும் நண்டுகள் இங்கு மிகுதி. பங்குனி ஆமைகள் சனவரி முதல் மார்ச் வரை கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடுகின்றன. மணலின் வெப்பநிலையே குஞ்சின் பாலினத்தை முடிவு செய்கிறது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். சென்னைக் கடற்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் முட்டைகளைப் பாதுகாத்து வருகிறது.

அயல் தாவரங்கள்

சவுக்கு, விறகுக்கும் கம்புகளுக்கும் பயன்படுவதால் உழவர்களுக்கு வருவாய் தரும் மரம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காப்பரணாகவும் கரையோரம் நடப்பட்டது. ஆனால் அலை எட்டும் எல்லைக்கு அருகில் நட்டால், அதன் உதிர்சருகு தரையை மூடி அடப்பங்கொடியை முளைக்க விடுவதில்லை. ஆமைகள் முட்டையிடும் இடமும் குறைகிறது. நிழலால் மணலின் வெப்பமும் மாறுகிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலம், மேட்டின் உட்புறத்தில் புதராக மண்டுகிறது. கால்நடைகள் காய்களைத் தின்று விதைகளைச் சாணத்தின் வழியே பரப்புகின்றன.

பாதுகாப்பு

2011, 2019 ஆம் ஆண்டுகளின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளைச் சூழலியல் முதன்மை வாய்ந்த பகுதிகளாகக் குறிப்பிடுகின்றன. சீமைக்கருவேலத்தை வெட்டினால் மட்டும் போதாது; அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். இயந்திரத்தால் வேரோடு பெயர்த்தாலோ மேடே குலைந்து மணல் பறக்கும். ஆகவே சிறு பகுதிகளாக அகற்றி, அந்தந்த இடத்தில் உடனே அடப்பங்கொடித் தண்டுகளைப் பதிப்பது ஏற்றது. சவுக்கை ஆமைகள் முட்டையிடும் பகுதியிலிருந்து விலக்கி உட்புறத்தில் நட்டால், உழவர் வருவாயும் கெடாது, மணல்மேடும் நிலைக்கும்.